துணியில் ஒட்டிய நிறம்

பழைய அம்பாசடருக்கு பாலிஷ் போட்டவரின் கையைப் பார்த்தே வண்டி என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். கறுப்பு வண்டி என்றால் விரலிடுக்கெல்லாம் கறுப்பு. கரும்பச்சை என்றால் வேஸ்ட் துணி முழுக்கப் பச்சை. இன்று நாகர்கோவிலில் மெஷின் வைத்து பாலிஷ் போடும் பையனின் துணியில் அநேகமாக எந்த நிறமும் ஏறுவதில்லை. நீலக் காரைத் தேய்த்தாலும் சாம்பல் காரைத் தேய்த்தாலும் பாலிஷின் வெண்மைதான் மிஞ்சுகிறது. சாதா வெள்ளை, சிவப்பு வண்டிகள் சில இதற்கு விலக்கு. மற்றபடி, அன்று தேய்ந்தது நிறம். இன்று தேய்வது நிறத்தின் மேல் கிடக்கும் நிறமில்லாத படலம். அன்று எவ்வளவு போயிற்று என்று துணியே காட்டிக்கொடுத்தது. இன்று போவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் பட்டறைகளில் அடித்தது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். டூபான்ட் நிறுவனம் 1923இல் அமெரிக்கக் கார்களுக்காகக் கொண்டுவந்த டூகோவின் வழியில் வந்தது அது. எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் நம்மவர்களுக்கு ‘டூகோ பெயிண்ட்’தான். தின்னர் ஆவியாகப் போனதும் காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த கையோடு பளபளக்காது, மங்கலாகக் கிடக்கும். டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, நிறத்தைக் கோட் கோட்டாக ஏற்றி, மறுபடி நைஸ் பேப்பர் போட்டு, கடைசியில் காம்பவுண்ட் போட்டால்தான் வண்டி முகம் காட்டும். ஸ்ப்ரே கன் நிறத்தைத் தந்தது. பளபளப்பைத் தந்தது கை. அதனால் அடிக்கும்போதே தேய்மானத்துக்கென்று இரண்டு மூன்று கோட் கூட அடித்து வைப்பார்கள். வெயிலில் நிறம் வெளுத்துப் பொடி பூத்தால் அந்த மேல்தோலைத் தேய்த்து எடுப்பார்கள். அடியில் புது நிறம் காத்திருக்கும். அதுவும் தீர்ந்தால் மறுபடி பெயிண்ட். வாடகை வண்டி வைத்திருந்தவர்களுக்கு அது எதிர்பார்த்த செலவுதான்.

பாலிஷைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே அன்று கிடையாது. ரஃப் காம்பவுண்ட், ஃபைன் காம்பவுண்ட், மேலுக்கு ஒரு மெழுகு. வாக்ஸ்போல் டப்பாவைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். காம்பவுண்ட் டப்பாவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். விரலில் எடுத்து நசுக்கினால் நறநறவென்று துகள் தட்டுப்படும். பனியன் வேஸ்ட்டை உருண்டையாகச் சுருட்டி, காம்பவுண்டைத் தொட்டு, ஒரு முழ நீளத்துக்கு நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கிற கைப்பிள்ளைக்குத் தலையில் குட்டு விழும். “லே மக்கா, அமுக்காத லே. துணி தன்னால ஓடணும்” என்பார் பெயிண்டர். அந்தக் காம்பவுண்டின் துகள்கள் ஒரே அளவானவை அல்ல. தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகும். எப்போது உடைந்தது என்பதைக் காதால் கண்டுபிடிப்பார்கள். நறநறப்பு அடங்கி, துணி வழுக்கும் சத்தம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். பிறகு வண்டியைப் பட்டறையின் ட்யூப் லைட்டுக்கு அடியில் தள்ளி நிறுத்திப் பார்ப்பது. பானட்டில் விழும் விளக்கின் ஓரம் நேராக இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பகல் முழுக்க நீளும் வேலை அது.

கழுவுவது வேறு கதை. 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையை ஜூன் மாதம் கன்னிப்பூ சாகுபடிக்குத் திறந்துவிட்டால் தோவாளைச் சானலிலும் அனந்தனார் சானலிலும் தண்ணீர் வந்துவிடும். கரையில் வண்டியை நிறுத்தி, வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு குறைவு. காய்ந்தாலும் தடம் விழாது. தண்ணீருக்குக் கணக்கில்லாததால் மண்ணெல்லாம் ஊற்றும்போதே வழிந்து போய்விடும்; துணி படும்போது தேய்க்க அழுக்கு மிச்சம் இருக்காது. கீறல் விழாமல் கழுவ இன்று சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இதுதான். அன்று அதை யாரும் பாடமாக நினைக்கவில்லை. அந்தச் சோப்பும் கிரீஸும் பத்தடி கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களிடமும், அதற்கும் கீழே வயலிலும் போய்ச் சேர்ந்ததையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வழக்கம் குறைந்ததற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

இன்று போர்வெல் தண்ணீர். கடற்கரைப் பக்கம் போகப் போக உப்பு கூடும். பானட்டில் நின்ற துளி வெயிலில் காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். நாலு நாள் விட்டால் அது பூச்சிலேயே பதிந்துபோகும். அந்த வளையத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறோமே, அங்கே தொடங்குகிறது கோளாறு.

ஏனென்றால் பூச்சே மாறிவிட்டது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. 1990களின் நடுவிலிருந்து அடுத்தடுத்து வேறு கம்பெனிகளும் வந்தன. வெள்ளி, பொன், கருநீலம் என்று மெட்டாலிக் நிறங்கள் பெருகின. மெட்டாலிக் நிறத்தில் மினுக்கும் அலுமினியத் துகளைக் காற்றில் திறந்து விட முடியாது. அதன்மேல் கிளியர் கோட் வேண்டும். இன்றைய தொழிற்சாலைப் பூச்சின் கணக்கு ஏறக்குறைய இப்படி: தகட்டின் மேல் துரு தடுக்கும் அடிப்பூச்சு 20 மைக்ரான், பிரைமர் 30 முதல் 35, நிறம் 15 சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் 35 முதல் 50. மொத்தம் 100க்கும் 120க்கும் நடுவே. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். வெயிலைத் தாங்குவதும், மழையைத் தாங்குவதும், பளபளப்பதும் ஒரு முடியளவு கனம்கூட இல்லாத அந்தப் படலம்தான். காரின் ஆயுள் முழுவதற்கும் அதில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. மெலிந்துபோனால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானட்டிலும் தோல் உரியும்.

சுழல் கீறல், பட்டறை வழக்கில் ஸ்வர்ல் மார்க், இந்தப் படலத்தின் நோய். வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரில் சூரியன் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல் தெரியுமே, அது. உண்மையில் கீறல்கள் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் விளக்கைச் சுற்றி வட்டம் கட்டுகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். பழைய அம்பாசடரிலும் இந்தக் கீறல் இருந்தது. ஆனால் பெரும்பாலும் வெளிர் நிறம், மங்கலான மேற்பரப்பு, தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு. யார் கண்ணிலும் பட்டதில்லை. இன்று பெட்ரோல் பங்க் கூரையில் எல்இடி, தெருவில் எல்இடி, கையிலிருக்கும் போனிலும் எல்இடி. கீறல் பெருகிய அளவுக்கு வெளிச்சமும் பெருகிவிட்டது.

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். இன்று அங்கே இந்திய அருமணல் நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாவற்றையும் பிரித்தெடுக்கிறது. இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான் வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருவது. அதைத் தயாரிக்க 1946இலேயே திருவனந்தபுரத்தில் டைட்டானியம் ஆலை தொடங்கப்பட்டது. வெள்ளைக் காருக்கு நிறம் கொடுக்கிற அதே மணல்தான் கறுப்புக் காரைக் கீறுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கைக்கு அப்பாலும் அதில் விஷயம் இருக்கிறது. கார்னெட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 6.5 முதல் 7.5. சிர்க்கான் 7.5. சாதாரண மணலின் குவார்ட்ஸ் 7. உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கனிமம் கார்னெட். குளச்சல், முட்டம் சாலையில் போய்வந்த காரின் மேல் படிந்திருப்பது இவற்றின் தூசி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று செம்மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து போடும். காலையில் அலுவலகம் போகிற அவசரத்தில் மஞ்சள் துணியால் ‘சும்மா ஒரு தட்டுத் தட்டி’த் துடைக்கிறவர், காருக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைய டிரைவரும் இதையேதான் செய்தார். ஆனால் அவர் வண்டியில் கனத்த பூச்சு இருந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஓர் இடைக்காலம் உண்டு. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. கையால் தேய்த்த பட்டறைகளுக்குள் சுற்றும் மெஷின் வந்தது. ஒரே அச்சில் நிமிடத்துக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் சுற்று, முன்னால் கம்பளிப் பேட். ஒரு பகல் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் டூகோவுக்குப் பழகிய கையும் ரஃப் காம்பவுண்டும் அப்படியே கிளியர் கோட்டின் மேல் ஏறின. கடையை விட்டு வரும்போது கார் ஜொலிக்கும். பத்து நாளில் மெழுகும் எண்ணெயும் கழுவிப் போனதும் பழைய கீறலோடு, மெஷின் போன தடமெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் மினுக்கும். கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்பிலும் பேட் ஒரு விநாடி நின்றுவிட்டால் சூட்டில் பூச்சு எரிந்து அடிநிறம் வெளியே வரும். டூகோவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோட் அடித்துத் தேய்த்துக் கலந்துவிடலாம். கிளியர் கோட்டில் அப்படி ஒட்டுப்போட முடியாது. பெரும்பாலும் அந்தப் பேனல் முழுவதையும் அடிக்க வேண்டும்.

இப்போதைய மெஷின் வேறு. டூயல் ஆக்ஷன் என்கிறார்கள், சுற்றிக்கொண்டே ஊசலாடும். இத்தாலியின் ரூப்ஸ் போன்ற கம்பெனிகள் 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் வீச்சில் செய்கின்றன. அளவு மீறி அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், எரிக்காது. பெயிண்டர் குட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்ததை மெஷினே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பாலிஷிலும் ரஃப், ஃபைன் என்ற இரண்டு டப்பா போய் எண்கள் வந்துவிட்டன. 1888இல் தொடங்கிய ஜெர்மனியின் மென்செர்னா, 1901இல் மேசை நாற்காலிக்கு பாலிஷ் செய்து தொடங்கி 2008இல் 3எம் கைக்குப் போன மெகுயர்ஸ் என்று பெயர்கள் பல. மெகுயர்ஸின் 105 என்றால் ஆழமாக வெட்டும், 205 என்றால் முடித்துக்கொடுக்கும். உள்ளே இருப்பது ஒரே சீராகப் பொடித்த அலுமினியம் ஆக்ஸைடு. 105 வகைத் துகள் தேய்க்கத் தேய்க்க உடைவதில்லை. முதல் சுற்றில் வெட்டுகிற அளவே கடைசிச் சுற்றிலும் வெட்டும். ஆகவே பழையவர்கள் காது கொடுத்துக் கேட்ட சத்தத்துக்கு அங்கே வேலையில்லை. எத்தனை சுற்று என்பதைத்தான் எண்ண வேண்டும்.

தெரிந்து செய்கிறவர் எப்படிச் செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதலில் கழுவுவார். பிறகு களிமண் கட்டி; ஈரம் காட்டி மெல்ல வழுக்கவிட்டால் பூச்சில் ஒட்டிய இரும்புத் தூளும் மரப்பாலும் அதில் ஏறிக்கொள்ளும். ரப்பர் பட்டைகளுக்கும் பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் டேப் ஒட்டுவார். பூச்சின் கனம் பார்க்கும் மீட்டரைப் பேனல் பேனலாக வைப்பார். 110, 115 என்று வருகிற காரில் ஒரு கதவு மட்டும் 240 காட்டினால் அது எங்கேயோ இடித்து மறுபடி பெயிண்ட் அடித்த கதவு; 700, 800 என்றால் உள்ளே பட்டி இருக்கிறது. (பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த மீட்டருக்காகவே ஒரு டீடெய்லிங் பையனைக் கூட்டிப்போவது நல்லது.) பிறகு முழுக் காரிலும் கை வைக்க மாட்டார். பானட்டில் முக்கால் முழச் சதுரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட். பட்டாணி அளவில் நாலு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, விநாடிக்கு ஓர் அங்குலம் போல நகர்த்தி, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடும்படி நெடுக்கும் குறுக்குமாக நாலைந்து சுற்று. துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீர் அடித்து எண்ணெயை நீக்கி, டார்ச் அடித்துப் பார்ப்பார். கீறல் போயிருந்தால் அதே பாலிஷ் போதும். போகாவிட்டால்தான் ஒரு படி கடுமை கூட்டுவார்.

பழைய முறை கடுமையில் தொடங்கி மென்மையில் முடிந்தது. புது முறை மென்மையில் தொடங்கி, வேறு வழியில்லாவிட்டால் மட்டும் கடுமைக்குப் போகிறது. மெர்சிடிஸ் 2003 முதல் போடும் கிளியர் கோட் கடினமானது. மென்மையான பாலிஷுக்கு மசியாது. சில ஜப்பானியக் கறுப்புகள் துணி பட்டாலே கீறும், ஆனால் எளிதில் சரியாகும். எந்தக் காருக்கு எது என்று டப்பாவில் எழுதியிருக்காது. அந்த முக்கால் முழச் சதுரம்தான் சொல்லும். நம்மூர் வெயிலில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கை வைத்தால் சுடுகிற பானட்டில் எந்த பாலிஷும் வேலை செய்யாது. காய்ந்து பொடியாகி, துடைக்கும்போது புதுக் கீறல் போடும். நிழலில், காலையில் தொடங்க வேண்டிய வேலை இது.

பையன்களில் பலர் வீடியோ பார்த்துப் பழகியவர்கள். வளைகுடாக் கடைகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. முகத்தில் மாஸ்க், கையில் உறை. பழைய பெயிண்டர்கள் ஒரு கைக்குட்டைகூடக் கட்டாமல் ஆண்டுக்கணக்காகத் தின்னரைச் சுவாசித்தார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இன்றையதை நான் உயர்த்திச் சொல்வேன். போனதும் இருக்கிறது. டூகோ பெயிண்டரிடம் எப்படிப்பட்ட வண்டியும் மீளும் என்ற தைரியம் இருந்தது. காரை அவர் கையில் விட்டவருக்கும் அது தொற்றியது. இன்று தொழில் நன்றாகத் தெரிந்த பையன்தான் அதிகம் பயப்படுகிறான். “அண்ணாச்சி, இந்த மூலையில இன்னொரு ரவுண்டு போட்டா கிளியர் போயிரும். இந்தக் கோடு இருந்துட்டுப் போட்டு” என்று சொல்கிறவனைத்தான் நம்பலாம். கல்யாண வீட்டுக்குக் கார் கொடுப்பதிலும் அந்தப் பயம் வந்துவிட்டது. தோவாளைப் பூவைச் சரமாகக் கட்டி, கயிறும் டேப்பும் போட்டு இழுத்து அலங்கரித்த அம்பாசடரை மறுநாள் காம்பவுண்ட் போட்டுச் சரியாக்கிவிடுவார்கள். இன்று புதுக் கறுப்புக் காரைச் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக் கொடுக்கவே ஆள் யோசிக்கிறான்.

கடைப் பலகைகள் அந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கவும் செய்கின்றன. ‘9எச் செராமிக், கீறலே விழாது’ என்பது மிகவும் பரவிய வாக்குறுதி. அந்த 9எச் பென்சில் கடினத்தின் அளவு; மோஸ் அளவு அல்ல. பென்சில் முனை கீறாது என்பதற்கும் மணவாளக்குறிச்சி மணல் கீறாது என்பதற்கும் வெகு தூரம். செராமிக் பூச்சினால் தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதில் போகும். அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் கீறலை எடுக்காமல் மேலே செராமிக் போட்டால் கீறல் அதற்குள் பத்திரமாக இருக்கும். இன்னொரு வகை, கீறலை வெட்டாமல் எண்ணெயும் மெழுகும் வைத்து நிரப்பி மறைக்கும் பாலிஷ். விற்கப் போகிற காருக்கு அது போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் நாலு தடவை கழுவியதும் தெரிந்துகொள்வார்.

அம்பாசடர் 2014இல் உத்தர்பாரா ஆலையில் நின்றுபோயிற்று. டூகோ இப்போது கார்களைவிட மர அலமாரிகளில்தான் அதிகம் ஏறுகிறது. உங்கள் வீட்டில் நிற்பது கிளியர் கோட் கார் என்றால் அதற்கு வேண்டியது அடிக்கடி பாலிஷ் அல்ல, ஒழுங்கான கழுவல். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். வெயிலில் காய விடாதீர்கள். உலர்ந்த காரை உலர்ந்த துணியால் தொடவே தொடாதீர்கள். கீறல் கண்ணை உறுத்துகிற அளவுக்கு வந்த பிறகு பாலிஷுக்கு விடுங்கள். விடுமுன் மீட்டர் வைத்து, பேனல் பேனலாக எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 112 காட்டிய பானட் திரும்பி வரும்போது 110, 109 காட்டினால் சரி. 100 காட்டினால் அந்தக் கடைக்கு இரண்டாவது தடவை போக வேண்டாம்.